முதலில் ஃபார்மேட் வேண்டாம்

காரணம் தெரியாமல் உறைந்து நிற்கும் கணினியும், அது விட்டுச்செல்லும் தடயங்களும்

2022 அக்டோபர். லினக்ஸ் கர்னலின் அடுத்த பதிப்புக்கான மாற்றங்கள் உலகெங்கும் இருந்து வந்து குவிந்துகொண்டிருந்த நேரம். அவற்றைப் பார்த்துச் சேர்க்க வேண்டிய லினஸ் டோர்வால்ட்ஸின் சொந்தக் கணினி அப்போது பார்த்துத் தகராறு செய்யத் தொடங்கியது. கம்பைல் வேலைகள் ஒருமுறை ஓடின, மறுமுறை பாதியில் முறிந்தன. இரண்டரை ஆண்டுகளாக ஒரு குறையும் சொல்ல முடியாமல் ஓடிய இயந்திரம் அது. புதிதாகச் சேர்ந்த நிரல் ஏதோ ஒன்றில்தான் பிழை இருக்கும் என்று கர்னலின் கர்த்தாவான அவரே முதலில் நினைத்தார். பழைய கர்னலில் இயக்கிப் பார்த்தார், தொல்லை தொடர்ந்தது. பிறகு இரவு முழுக்க மெம்டெஸ்ட்86+ என்ற சோதனையை ஓடவிட்டார். ரேம் ஸ்டிக் ஒன்று கெட்டுப்போயிருந்தது.

கணினியின் உள்ளும் புறமும் அவரளவு அறிந்தவர்கள் அதிகம் பேர் இல்லை. அவருடைய முதல் சந்தேகமே தவறான இடத்தில்தான் விழுந்தது. ஆனால் அதன் பிறகு அவர் செய்ததைக் கவனியுங்கள். ஒரே ஒரு விஷயத்தை மாற்றினார், மற்றதையெல்லாம் அப்படியே விட்டார், என்ன ஆகிறது என்று பார்த்தார். அதற்குப் பிறகே அடுத்த சோதனைக்குப் போனார். நம் ஊரில் ஹேங் ஆகும் கணினிக்கு இந்த மரியாதை கிடைப்பதில்லை.

“அண்ணே, சிஸ்டம் அடிக்கடி ஹேங் ஆகுது.”

“விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கும் தம்பி. வச்சுட்டுப் போங்க, ஃபார்மேட் அடிச்சுப் புதுசா ஓஎஸ் போட்டுத் தந்துடறேன். சாயங்காலம் வந்து எடுத்துக்குங்க.”

எந்த ஊர் சர்வீஸ் கடையிலும் காதில் விழக்கூடிய பேச்சு இது. ஃபார்மேட் சில நேரம் பலிக்கவும் செய்கிறது. கோளாறான டிரைவர், ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும் இரண்டு ஆன்டிவைரஸ்கள், எப்போதோ போட்டு மறந்த ஏதோ ஒரு மென்பொருள் என்று காரணம் விண்டோஸுக்குள் இருந்தால், எல்லாவற்றையும் துடைக்கும்போது அதுவும் போய்விடும். காரணம் வன்பொருளில் இருந்தால் கதை வேறு. ஃபார்மேட் அடித்தவுடன் முதலில் அழிவது தடயம். கணினி கடந்த சில வாரங்களாகத் தனக்குள் எழுதி வைத்திருந்த பிழைப் பதிவுகள் அத்தனையும் போகும். அடுத்தது இதைவிடக் கொடுமை. சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்கில் புதிதாக விண்டோஸை எழுதுவது, அதிலிருக்கும் கல்யாணப் படங்களையும் பத்து வருடக் கணக்கு வழக்கையும் மீட்க இருந்த கடைசி வாய்ப்பையும் பறித்துவிடும். மார்ச் கடைசி வாரத்தில் டேலி நின்றுபோன ஆடிட்டர் அலுவலகத்துக்கும், முகூர்த்தத்துக்கு முன்னால் பத்திரிகை டிசைன் பாதியில் உறைந்துபோன டி.டி.பி. சென்டருக்கும் இது பிழைப்புப் பிரச்சினை.

சர்வீஸ்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஃபார்மேட்டுக்கு இவ்வளவு என்று சொன்னால் வாடிக்கையாளர் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார். மூன்று நாள் கணினியை வைத்திருந்து கவனித்து, ‘ரேம்தான் போயிருக்கிறது, மற்றது நன்றாக இருக்கிறது’ என்று சொன்னதற்குக் கட்டணம் கேட்டால், “பார்த்ததுக்கா காசு?” என்கிறார். கண்டுபிடிக்கும் வேலைக்குக் கூலி கொடுக்காத இடத்தில் கண்டுபிடிக்கும் வேலை நடக்காது.

நின்ற அந்த அரை நிமிடம்

பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கும் முன் அரை நிமிடம் பொறுங்கள். மிகச் சிறந்த தடயங்கள் அந்த நேரத்தில்தான் கண்முன் இருக்கின்றன.

கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால், திரை செத்தது போலத் தெரிந்தாலும் விண்டோஸின் அடித்தளம் உயிரோடு இருக்கிறது. ஏதோ ஒரு புரோகிராமோ திரையைக் கையாளும் பகுதியோதான் நின்றிருக்கிறது. கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் வேலை செய்யக்கூடும். விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு ‘பி’யைத் தட்டினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும், திரை ஒருமுறை இருண்டு மீண்டுவிட்டால் உங்கள் தேடல் பாதியாகக் குறைந்துவிட்டது. விளக்கு அசையவே இல்லையென்றால், பெரும்பாலும் மொத்த இயந்திரமும் நின்றுவிட்டது என்றே கொள்ளலாம். அங்கே சாதாரணப் புரோகிராம்கள் மேல் சந்தேகம் குறைந்து, டிரைவர், ரேம், பிராசஸர், மின்சாரம் ஆகியவற்றின் பக்கம் போகிறது.

பாட்டு ஓடிக்கொண்டிருந்ததா? படம் நின்று பாட்டு தொடர்ந்தால் கிராஃபிக்ஸ் பக்கம் பாருங்கள். பாட்டு ‘ர்ர்ர்ர்’ என்று ஒரே துணுக்கில் சிக்கிக்கொண்டு இரைந்தால், ஒலியின் அடுத்த துண்டை எடுத்துக் கொடுக்க உள்ளே யாரும் இல்லை என்று பொருள். சவுண்ட் சிப் தன் கையிலிருந்த கடைசித் துணுக்கையே திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. கேபினெட்டின் முகப்பில் ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், அது டிஸ்க் பக்கம் கைகாட்டும் தனிச் செய்தி.

தானாகச் சரியாவதும் ஒரு தடயம். அரை நிமிடம் கல்லாய் நின்று, பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஓடினால் பெரும்பாலும் டிஸ்க். ஓரிரு நொடி மட்டும் மௌஸும் ஒலியும் திக்கித் திக்கி மீள்வது வேறு வகை. ரைசன் பிராசஸர் கொண்ட பல கணினிகளில் இப்படி நடந்ததற்குக் காரணம், ஃபர்ம்வேருக்குள் இருக்கும் பாதுகாப்புப் பகுதி, பயாஸ் சிப்போடு நடத்தும் பரிமாற்றம் நீண்டுபோவதுதான் என்று 2022 மார்ச்சில் ஏஎம்டி நிறுவனமே ஒப்புக்கொண்டது. பயாஸ் புதுப்பித்ததும் அது தீர்ந்தது. அதற்கு முன் எத்தனை பேர் அதே திக்கலுக்காக விண்டோஸை மாற்றி மாற்றிப் போட்டிருப்பார்கள்!

ஒரு பழைய டைரி போதும்: தேதி, நேரம், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், ஆன் செய்து எவ்வளவு நேரம் ஆகியிருந்தது, கரண்ட் போய் வந்ததா, ஏசி ஓடியதா, எந்த பென் டிரைவ் செருகியிருந்தது. ஆறேழு முறை எழுதிவிட்டுப் படித்துப் பாருங்கள். ‘எப்போது வேண்டுமானாலும் நிற்கிறது’ என்று நினைத்த கணினிக்கு ஒரு நேரம் இருப்பது தெரியவரும்.

அப்படி ஒரு நேரம் எவ்வளவு துல்லியமாக இருக்க முடியும் என்பதற்கு குரூஷியல் எம்4 என்ற எஸ்எஸ்டி நல்ல சாட்சி. 2011இல் வந்த, நல்ல பெயர் எடுத்த டிரைவ் அது. அதன் ஃபர்ம்வேரில் ஒரு பிழை இருந்தது. டிரைவ் மொத்தமாக 5,184 மணி நேரம் ஓடி முடித்ததும் பதில் சொல்வதை நிறுத்திவிடும். அணைத்துப் போட்டால் எழுந்து வரும், ஒரு மணி நேரத்தில் மறுபடி நிற்கும். பகலும் இரவும் ஓடிய கணினியில் 216ஆவது நாள் தலைகாட்டிய அதே கோளாறு, தினம் எட்டு மணி நேரம் ஓடிய கணினியில் ஒன்றே முக்கால் வருடம் கழித்துத்தான் தெரியும். வாங்கியவர் கண்ணுக்கு இது முழுக்க முழுக்க விதியின் விளையாட்டு. 2012 ஜனவரியில் புதிய ஃபர்ம்வேர் வந்தது, பிரச்சினை தீர்ந்தது. அதில் ஃபார்மேட் அடித்தவர்களுக்கு மிஞ்சியது, ஒரு மணி நேரம் மட்டும் ஒழுங்காக ஓடும் புத்தம் புது விண்டோஸ். விண்டோஸ் 95, 98 இரண்டிலும்கூட இப்படியொரு கணக்கு இருந்தது. மில்லி நொடிகளை எண்ணும் 32 பிட் எண் நிரம்பி வழிய 49.7 நாள் ஆகும். அதுவரை அணைக்காமல் ஓடினால் கணினி நின்றுபோகக்கூடும்.

41ஐ நம்பி ஏமாறாதீர்கள்

விண்டோஸ் தனக்குள் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. ஈவன்ட் வியூவர் என்று தேடித் திறந்து ‘சிஸ்டம்’ பகுதிக்குப் போனால், சிவப்புக் குறியோடு ‘கர்னல்-பவர் 41’ என்று ஒரு வரி நிற்கும். பலர் அதைப் பிடித்துக்கொண்டு, ‘பவர் பிரச்சினை என்று விண்டோஸே சொல்லிவிட்டது’ என்று புது எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) வாங்கப் போகிறார்கள். அந்த வரி சொல்வது அது இல்லை. ‘போன முறை என்னை முறையாக அணைக்கவில்லை’ என்று, மறுபடி ஆன் ஆன பிறகு விண்டோஸ் எழுதும் குறிப்பு அது. நீங்கள் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தாலே அது வந்துவிடும். அது விளைவு.

காரணம் கிடைக்கக்கூடிய இடம் அதற்குக் கீழே, கணினி நின்ற நேரத்தை ஒட்டிய முந்தைய வரிகளில். ‘டிஸ்க்’ என்ற பெயரில் 7 இருந்தால் கெட்டுப்போன பகுதியைப் படிக்கத் திணறியிருக்கிறது. 129, 153 ஆகியவை டிஸ்க் உரிய நேரத்தில் பதில் தராததைச் சொல்பவை. ‘டிஸ்ப்ளே 4101’ என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் நின்று மீண்டிருக்கிறது; விண்டோஸ் அதற்குக் கொடுக்கும் கெடு இரண்டே நொடி. ‘வியா லாகர்’ என்று ஒலிக்கும் பெயரில் ஏதாவது இருந்தால், பிராசஸரோ ரேமோ மதர்போர்டோ தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலம் அது. பதிவேட்டில் ஒன்றுமே இல்லாமல், சட்டென்று அறுந்த மாதிரி இருக்கிறதா? அதுவும் சேதிதான். எழுதுவதற்குக்கூட அவகாசம் கிடைக்காமல் மொத்தமும் நின்றிருக்கிறது. இவ்வளவையும் தோண்ட மனமில்லாதவர்கள் ரிலையபிலிட்டி மானிட்டர் என்று தேடித் திறக்கலாம். எந்த நாளில் எது தவறியது, அதற்கு முந்தைய நாள் என்ன புதிதாக ஏறியது என்று நாள் வரிசையில் காட்டும்.

ஒரு பென் டிரைவ் சோதனை

வீட்டில் செய்யக்கூடியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், செலவும் கிடையாது. ஒரு பென் டிரைவில் உபுண்டு மாதிரி ஏதாவது ஒரு லினக்ஸை ஏற்றி, கணினியில் எதையும் நிறுவாமல் அந்த பென் டிரைவிலிருந்தே இயக்குங்கள். அதிலேயே இரண்டு மூன்று நாள் படம் பாருங்கள், பிரவுசரில் வேலை செய்யுங்கள். அங்கேயும் உறைந்தால் விண்டோஸுக்கும் அதிலுள்ள எதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. ஃபார்மேட் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகும்.

அங்கே உறையவில்லை என்றால் உடனே விண்டோஸ் மேல் பழி போட்டுவிட வேண்டாம். பென் டிரைவிலிருந்து ஓடும்போது உங்கள் ஹார்ட் டிஸ்க் ஓய்வில் இருக்கிறது. ஆகவே விண்டோஸ், டிஸ்க் இரண்டும் இன்னும் சந்தேகப் பட்டியலில்தான். டிஸ்கைத் தனியாகப் பார்த்துவிட வேண்டும்.

அதற்கு கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்திருக்கும். பழைய ரக ஹார்ட் டிஸ்கில் இரண்டு வரிகளைத் தேடுங்கள். கெட்ட பகுதிகளுக்கு மாற்றாக ஒதுக்கிய செக்டார்களின் எண்ணிக்கை ஒன்று, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டார்களின் எண்ணிக்கை இன்னொன்று. பூஜ்யமாக இருந்த இந்த எண்கள் ஏறத் தொடங்கினால், வேறு எதையும் செய்யும் முன் முக்கியமான ஃபைல்களை வேறு இடத்துக்கு நகல் எடுங்கள். அரை நிமிட உறைதலின் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. வீட்டு உபயோக ஹார்ட் டிஸ்க் ஒரு கெட்ட செக்டாரைப் படிக்க விடாப்பிடியாகத் திரும்பத் திரும்ப முயலும். அது முடியும் வரை விண்டோஸ் காத்துக்கொண்டிருக்கும். அதே பட்டியலில் சிஆர்சி பிழை என்ற எண் மட்டும் ஏறிக்கொண்டு மற்றவை சுத்தமாக இருந்தால் டிஸ்க் நல்ல பிள்ளை, சாட்டா கேபிள்தான் கெட்டது. கேபிளின் விலையில் முடிய வேண்டியதற்கு டிஸ்கையே மாற்றியவர்கள் உண்டு.

ரப்பரால் குணமாகும் ரேம்

ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் அதன் பொன்னிறப் பற்களைத் தேய்த்து மறுபடி செருகுவது நம் ஊர் சர்வீஸ் கடைகளின் பாரம்பரிய வைத்தியம். கணினி உடனே உயிர்த்தெழுவதையும் பார்த்திருக்கிறோம். அங்கே குணமானது ரேம் அல்ல, ரேமுக்கும் ஸ்லாட்டுக்கும் நடுவிலிருந்த தொடர்பு. ஈரக்காற்றும் தூசியும் சேர்ந்து படிந்த படலம், கழற்றிச் செருகும் உராய்விலேயே பெரும்பாலும் போய்விடும். ரப்பர் அந்த மெல்லிய தங்கப் பூச்சையும் சேர்த்துச் சுரண்டுகிறது, துகள்களை ஸ்லாட்டுக்குள் தள்ளுகிறது. கழற்றிச் செருகுங்கள், வேண்டுமானால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள், ரப்பரைப் பிள்ளைகளின் பென்சில் பாக்ஸிலேயே விடுங்கள்.

உண்மையிலேயே கெட்டுப்போன ரேம் நாம் நினைப்பதைவிட அதிகம். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடர், கூகுள் ஆராய்ச்சியாளர்கள் இருவருடன் சேர்ந்து, கூகுளின் சர்வர்களை இரண்டரை ஆண்டுகள் கவனித்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஓர் ஆண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம் ஸ்டிக்குகளில் பிழை தென்பட்டது. விண்வெளிக் கதிர் வந்து தாக்கியதால் ஒருமுறை தவறி மறைவது மாதிரியான பிழைகளைவிட, கெட்டுப்போன அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் பிழைகளே அதிகம் என்பதும் அதில் தெரிந்தது. சர்வர்களின் ரேமில் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் ஏற்பாடு உண்டு. நம் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் அது இல்லை. பிழை வந்ததே தெரியாமல், இன்று ஒரு புரோகிராம் விழும், நாளை திரை உறையும், நாளை மறுநாள் ஒரு ஃபைல் திறக்க மறுக்கும். கோளாறு இப்படி வேஷம் மாற்றி மாற்றி வந்தால், ஒரே மாதிரி இரண்டு முறை நிற்கவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது ரேம்.

சோதனை எளிது. மெம்டெஸ்ட்86+ஐ பென் டிரைவில் ஏற்றி, இரவு படுக்கும்முன் ஓடவிடுங்கள். காலையில் பிழை எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். ‘ஒன்றே ஒன்றுதானே’ என்று விட முடியாது. ரேமில் ஒரு பிழையும் தோல்விதான். இரண்டு ஸ்டிக் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் சோதியுங்கள், பிறகு இடம் மாற்றுங்கள். பிழை ஸ்டிக்கோடு போகிறதா, ஸ்லாட்டிலேயே தங்குகிறதா என்பது தெரிந்துவிடும். அதற்கும் முன்னால் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பு ஆன் ஆகியிருந்தால் அணைத்துப் பாருங்கள். ரேமை அதன் அடிப்படை வேகத்துக்கு மேலே ஓட்டும் ஏற்பாடு அது. அதை அணைத்ததும் உறைதல் நின்றுவிட்டால், பொருள் எதுவும் கெடவில்லை, வேகம்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

சூடும் கரண்டும்

“வெயில் காலம், ஹீட் ஆகி நிற்குது” என்பது அடுத்த வழக்கமான தீர்ப்பு. பழைய நாளில் அது உண்மை. 2001இல் டாம்ஸ் ஹார்ட்வேர் வெளியிட்ட ஒரு வீடியோவில், ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸரின் தலையிலிருந்து ஹீட் சிங்கைப் பிடுங்கினார்கள். பென்டியம் 3 உறைந்தது, பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடியது, ஏஎம்டி அத்லான் புகைந்து போனது. இன்றைய பிராசஸர்கள் எல்லாமே அந்த பென்டியம் 4 வழியில் நடப்பவை. சூடேறினால் மந்தமாகும், எல்லை தாண்டினால் பட்டென்று அணையும். எனவே கணினி மந்தமாகி அணைந்தால் காய்ந்து சுண்ணாம்பாய்ப்போன தெர்மல் பேஸ்ட்டையும், பஞ்சு போலத் தூசி அடைத்த ஃபேனையும் பாருங்கள். முழு வேகத்தில் இருந்தபடி உறைந்தால், பிராசஸரின் சூடு முதல் சந்தேகமாக இருக்கத் தேவையில்லை.

நம் வீடுகளில் அதைவிடப் பெரிய சந்தேகம் கரண்ட். எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட், தர விதிப்படி 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்க வேண்டும். மெயின்ஸ் அறுந்தாலும், நல்ல எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் தேக்கிய மின்சாரத்தால் சுமார் 16 மில்லி நொடி தாக்குப்பிடிக்கும். யுபிஎஸ் பேட்டரிக்கு மாறுவது பொதுவாக அதற்குள் முடிந்துவிடும். கெப்பாசிட்டர் வயதாகி வற்றிய எஸ்எம்பிஎஸ்ஸால் அந்த நொடித் துணுக்கைக் கடக்க முடிவதில்லை. லைட் ஒருமுறை கண்சிமிட்டும்போதெல்லாம் கணினி நிற்கிறதா, ரீஸ்டார்ட் ஆகிறதா என்று டைரியில் பாருங்கள். வீட்டு இன்வர்ட்டரில் கணினி ஓடினால், அதிலுள்ள யுபிஎஸ் மோடு சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். சாதாரண மோடில் அது மாற எடுக்கும் நேரம் கணினிக்கு ஆகாது.

கேபினெட்டை வெறுங்காலோடு தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? வீட்டில் எர்த் இல்லை, அல்லது அறுந்திருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் முகப்பிலுள்ள சின்னக் கெப்பாசிட்டர்கள் வழியே கசியும் மின்சாரம் எர்த்துக்குப் போக வழியில்லாமல் கேபினெட்டில் நிற்கிறது. அளந்தால் மெயின்ஸில் பாதி வோல்ட் காட்டும். கணினியை விட்டுவிட்டு முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இது உறைதலோடு முடிகிற விஷயம் இல்லை, ஆள் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது.

பழைய மதர்போர்டு என்றால் டார்ச் அடித்து, பிராசஸரைச் சுற்றி நிற்கும் உருளைக் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டிய தலை உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ வேறு சோதனையே வேண்டாம். 2000களின் தொடக்கத்தில் தரமற்ற கெப்பாசிட்டர்களால் உலகெங்கும் கணினிகள் இப்படிச் செத்தன. டெல் நிறுவனம் தன் ஆப்டிபிளெக்ஸ் கணினிகளைச் சரிசெய்ய 2005இல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டிவந்தது.

சும்மா இருக்கும்போது நிற்பது

எனக்கு மிகவும் சுவையான வகை இது. கேம் ஓடும்போது நிற்காது, வீடியோ எடிட்டிங்கில் நிற்காது. எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் உறைந்திருக்கும். பளு இல்லாதபோது எதுவும் கெடாது என்று நாம் எண்ணுவதால், இந்தக் கணினிகள் எல்லாச் சோதனையிலும் பாஸாகி, எல்லாருடைய பொறுமையையும் தின்றுவிடும்.

வேலை இல்லாதபோது பிராசஸர் படிப்படியாக ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகிறது. உள்ளே ஒவ்வொரு பகுதியாக மின்சாரத்தை அணைத்துக்கொள்கிறது. சிக்கல் அந்தத் தூக்கத்தில் இறங்குவதிலோ எழுவதிலோ வருகிறது. விலை குறைந்த லேப்டாப்களில் வந்த இன்டெல் பே டிரெயில் சிப்புகள் லினக்ஸில் இப்படித்தான் உறைந்தன. ஆழ்ந்த தூக்கத்தைத் தடை செய்யும் ஒரு கட்டளையை பூட் வரியில் சேர்த்து, பேட்டரி சீக்கிரம் தீர்வதைப் பொறுத்துக்கொண்டு பலர் ஆண்டுக்கணக்கில் ஓட்டினார்கள். 2017இல் வந்த முதல் தலைமுறை ரைசனிலும் இது வந்தது. தூங்கும் பிராசஸர் இழுக்கும் கரண்ட் மிகமிகக் குறைவு. அவ்வளவு குறைந்த பளுவில் சில எஸ்எம்பிஎஸ்களுக்கு நிலையாக நிற்கத் தெரியவில்லை. பயாஸில் ‘பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்’ என்பதை ‘டிப்பிக்கல் கரன்ட் ஐடில்’ என்று மாற்றியதும் பலருக்குச் சரியானது. ஒரே ஒரு வரி மாற்றம். அந்த வரியைத் தேடிப் போக, ‘சும்மா இருக்கும்போதுதான் நிற்கிறது’ என்று யாராவது முதலில் கவனித்திருக்க வேண்டும்.

பழி ஒருவர் மேல், குற்றம் இன்னொருவருடையது

மழைக்கு ஒழுகும் ஓட்டு வீட்டில் சொட்டுவது ஓரிடம், ஓடு உடைந்திருப்பது வேறிடம். அண்மைக் காலத்தில் இதற்கு மிகப் பெரிய சாட்சி இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள்.

13ஆம் தலைமுறை 2022 அக்டோபரிலும், 14ஆம் தலைமுறை அதற்கு அடுத்த ஆண்டும் கடைக்கு வந்தன. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகளில், புதிய கேம்கள் திறக்கும்போதே விழத் தொடங்கின. திரையில் வந்த செய்தி: கிராஃபிக்ஸ் மெமரி போதவில்லை. செய்தியை நம்பியவர்கள் கிராஃபிக்ஸ் டிரைவரை மாற்றினார்கள், சிலர் கார்டையே மாற்றினார்கள். விண்டோஸை மறுபடி போட்டவர்களுக்குக் கணக்கில்லை. கேம் தன் தரவுகளைச் சுருக்கி வைத்திருக்கும். திறக்கும்போது அதை விரித்தெடுக்கும் வேலை பிராசஸருடையது. விரித்தெடுத்ததில் பிழை வந்தது, அது கிராஃபிக்ஸ் பக்கம் போய் வேறு பெயரில் வெடித்தது. விரித்தெடுக்கும் ஊடுல் என்ற மென்பொருளை உருவாக்கிய குழுவே, இது எங்கள் நிரலின் பிழை இல்லை, வன்பொருளின் பிழை என்று வெளிப்படையாக அறிவித்தது. பிராசஸரின் வேகத்தைச் சற்றே குறைத்து ஓட்டினால் பிரச்சினை மறைந்தது. துப்பு துலங்கியது அந்த ஒரே ஒரு மாற்றத்தில்தான்.

ஓவர்கிளாக் செய்கிறவர்களும், அளவுக்கு மீறி மின்சாரம் விடும் மதர்போர்டுகளும்தான் காரணம் என்று சில காலம் பேச்சு ஓடியது. கேம் சர்வர்களில், அடக்க ஒடுக்கமான அமைப்பில் ஓடிய அதே பிராசஸர்களும் விழுகின்றன என்ற தகவல் 2024இல் வெளிவந்ததும் அந்த வாதம் வலுவிழந்தது. ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது: மைக்ரோகோட் என்ற உள்நிரலின் கணக்குப் பிழையால் பிராசஸர் தனக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்கிறது. செப்டம்பரில் முழுக் காரணமும் வந்தது. கோர்களுக்குள் தாளம் தரும் கிளாக் சுற்று, உயர்ந்த வோல்டேஜிலும் சூட்டிலும் சீக்கிரமே முதுமை அடைகிறது. இதைத் தூண்டும் நான்கு சூழல்களை இன்டெல் பட்டியலிட்டது. அவற்றில் ஒன்று, கணினி சும்மா இருக்கும்போதும் இலேசான வேலையிலும் வோல்டேஜ் ஏறுவது.

மைக்ரோகோட் திருத்தங்கள் பயாஸ் அப்டேட் வழியே வந்துவிட்டன. அவை இனிமேல் ஆகும் தேய்மானத்தைத் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்த பிராசஸரை மீட்காது. அதை மாற்றத்தான் வேண்டும். இதற்காக இன்டெல், பாதிக்கப்பட்ட டெஸ்க்டாப் பிராசஸர்களின் வாரண்டியை மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டித்திருக்கிறது. தனியாகப் பெட்டியில் வாங்கியவர்கள் இன்டெல்லிடமும், கம்பெனிக் கணினியாக வாங்கியவர்கள் அந்தக் கம்பெனியிடமும் கேட்க வேண்டும். 2022 அக்டோபரில் வாங்கிய பிராசஸருக்கு 2027 அக்டோபர் வரை காலம் இருக்கிறது. உங்கள் கணினியில் இருப்பது 13 அல்லது 14ஆம் தலைமுறை ஐ9, ஐ7 என்றால், அது காரணமில்லாமல் நிற்கிறது என்றால், பயாஸைப் புதுப்பித்துவிட்டு, எந்தெந்தத் தேதியில் எப்படி நின்றது என்று டைரியில் எழுதியதை எடுத்துக்கொண்டு, பழைய பில்லைத் தேடத் தொடங்குங்கள்.